கூத்தாடியைத் தலைகீழாக்கிய புதுச் சீட்டுக்கட்டு

எனக்கு வயது எழுபத்தெட்டு. வளர்த்தது ஆறு பிள்ளைகள். அதில் நான் பெற்றது நாலு. மற்ற இரண்டும் என் நாத்தனார் பாக்கியம் பெற்ற இரட்டைப் பிள்ளைகள். எதைச் சொல்ல ஆரம்பித்தாலும் இதை முதலில் சொல்லிவிடுவேன். பாக்கியம் வேறு மாதிரி சொல்வாள். அதற்குள் நான் முந்திக்கொள்ள வேண்டும்.

எழுத்து எனக்கு அவ்வளவாக வராது. கையெழுத்துப் போடுவேன். பஸ் போர்டைப் பார்த்து நன்னிலமா காரைக்காலா என்று தெரிந்துகொண்டு ஏறுவேன். மற்றதெல்லாம் நான் சொல்லச் சொல்ல என் பேத்தி கயல் எழுதுகிறாள்.

போன வாரம் இதே பத்திரிகையில் என் மாமியார் வளர்த்த எருமையைப் பற்றிச் சொல்லியிருந்தேன். அதை யாரோ படித்துக்காட்டக் கேட்டுவிட்டு பாக்கியம் போன் செய்தாள். "எருமைக்கு ரெண்டு பக்கம் கொடுத்திருக்கீங்க அண்ணி, எனக்கு ஒரு வரிகூட இல்லையே" என்றாள். ஆகவே இந்த வாரம் முழுக்க அவளுக்கு.

முட்டிவலியோடு வந்த யோசனை

இந்த வருஷக் காணும் பொங்கல். மத்தியானம் சாப்பிட்டுக் கை கழுவுகிற நேரம். எதிர் வயலில் சம்பா அறுப்பு மிஷின் ஓடிக்கொண்டிருந்தது. வீடு முழுக்க பச்சை வைக்கோல் வாசனை. தும்மினால் மூக்கிலிருந்து தூசிதான் வரும், ஆனாலும் ஜன்னலை மூட எனக்கு மனசு வராது.

வாசலில் ஆட்டோ வந்து நின்றது. பாக்கியம் ஒரு காலை வெளியே வைத்தாள். கம்பியைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினாள். அப்புறம்தான் அடுத்த கால் வந்தது. இரண்டு முட்டியிலும் நீலப் பட்டை மாட்டியிருந்தாள். என்னைவிட நாலு வயசு சின்னவள், ஆனால் என்னைப் போல நடவு நட்ட காலில்லை, பாருங்கள்.

"வா, வா. தோக்குறதுக்கு இவ்வளவு தூரம் வரணுமா, போன்லயே தோத்திருக்கலாமே" என்றேன்.

"ஆட்டத்தைக் கலைச்சுவிட்டுத் தப்பிச்சவங்க பேசுற பேச்சா இது" என்றாள் அவள்.

விஷயம் என்னவென்றால், எங்கள் இருவருக்கும் நடுவில் ஒரு சீட்டுக்கட்டு இருக்கிறது. காணும் பொங்கலன்று ஆடுவோம். ஜெயித்தவள் வீட்டில் அந்த வருஷம் முழுக்கக் கட்டு இருக்கும். தோற்றவள் அடுத்த வருஷம் அந்த வீட்டுக்கு வந்து ஆடி மீட்க வேண்டும். எத்தனையோ வருஷமாக இப்படித்தான். வெள்ளம் வந்த வருஷம்கூட நான் இடுப்பளவுத் தண்ணீர் வடிந்த மறுவாரம் காரைக்கால் போய் ஆடிவிட்டு வந்தேன்.

இந்தத் தடவை பாக்கியம் வந்து உட்கார்ந்ததும், கயல் உள்ளே போய் ஒரு பெட்டியை எடுத்துவந்தாள். கயல் என் கடைசி மகனின் பெண். பிரான்சில் படிக்கிறாள், பாக்கியத்தின் மகள் செல்வி வீட்டில் தங்கி. இப்போது லீவுக்கு வந்திருக்கிறாள். பெட்டிக்குள் பளபளவென்று ஒரு புதுச் சீட்டுக்கட்டு. எங்கள் கட்டில் இருக்கிற அதே படங்கள், அதே ஆட்கள்.

"பழைய கட்டு கிழிஞ்சுபோச்சுன்னு ரெண்டு பேரும் புலம்புனீங்கல்ல, அதான் அப்பாயி" என்றாள்.

நான் தொட்டுப் பார்ப்பதற்குள் பாக்கியம் பேசிவிட்டாள். ஜெயித்தவர் பழசை வைத்துக்கொள்ளட்டும், தோற்றவர் புதுசை எடுத்துக்கொள்ளட்டும், ஆளுக்கொரு கட்டு ஆகிவிட்டது, இந்த முட்டியை வைத்துக்கொண்டு இனி வருஷா வருஷம் யாரும் அலைய வேண்டாம் என்றாள். என் மகன் நல்ல யோசனை என்றான். மருமகளும் நல்ல யோசனை என்றாள். எல்லோருக்கும் சந்தோஷம்.

எனக்கு மட்டும் இல்லை. ஆளுக்கொரு கட்டு இருந்தால் இவள் எதற்கு இங்கே வரப்போகிறாள், நான் எதற்கு அங்கே போகப்போகிறேன்? ஆனால் அதை வாய்விட்டுச் சொல்ல எனக்குக் கௌரவம் இடம் கொடுக்கவில்லை. "சரி, அப்படியே ஆகட்டும்" என்றேன்.

சொல்தா பெட்டியில் இருந்தது

இந்தக் கட்டு எங்கள் ஊருக்கு எப்படி வந்தது என்று கேட்பீர்கள்.

பாக்கியத்தை நாங்கள் காரைக்காலில் கொடுத்தோம். அவள் மாமனார் சொல்தா. பிரெஞ்சுக்காரர்கள் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்கியவர்களை அங்கே அப்படித்தான் சொல்வார்கள். அவர் எங்கெங்கோ சண்டைக்குப் போய்விட்டு, மார்செய் துறைமுகத்தில் ஊருக்குக் கப்பல் ஏறும்போது ஒரு கடையில் இந்தக் கட்டை வாங்கினாராம். அந்த ஊரில் இந்த மாதிரிக் கட்டு பேர்போனது. தாரோ என்று பெயர், டாரட் என்பார்களே அதுதானாம். சீட்டு மொத்தம் எழுபத்தெட்டு. இந்த வருஷம் நானும் அதுவும் ஒரே கணக்கு.

சாயங்காலத்தில் அவர் ஒரு கிளாஸை வைத்துக்கொண்டு தனியாகச் சீட்டுகளைப் பரப்பிப் பார்த்துக்கொண்டிருப்பார். விளையாடினாரா, குறி பார்த்தாரா, யாருக்கும் தெரியாது. அவர் போனபின் தகரப்பெட்டிக்குள் கட்டு மட்டும் இருந்தது. ஆட்டம் அவரோடு போய்விட்டது.

பாக்கியத்தின் புருஷனுக்கு பிரான்சில் வேலை கிடைத்தபோது அவளையும் கூப்பிட்டுக்கொண்டார். இரட்டைப் பிள்ளைகளுக்கு அப்போது பல் முளைக்கிற வயசு. ஆணும் பெண்ணும். செல்வம், செல்வி. அங்கே குளிர், வாடகை வீடு, இரண்டு பேருக்கும் வேலை. ஒரு வருஷத்தில் வந்து அழைத்துக்கொள்கிறேன் என்று சொல்லி என் மடியில் போட்டுவிட்டுப் போனாள். ஒரு வருஷம் என்பது ஏழு வருஷம் ஆனது. அத்தை என்று கூப்பிடத்தான் நான் சொல்லிக்கொடுத்தேன். அதுகள் வாயில் அம்மா என்றுதான் வந்தது.

அப்புறம் புருஷனும் பெண்டாட்டியும் காரைக்காலுக்கே திரும்பி வந்துவிட்டார்கள். பிள்ளைகளை அழைத்துப்போக வந்தபோது பாக்கியம் இந்தக் கட்டை ஒரு பட்டுத் துணியில் சுற்றிக் கொண்டுவந்து என் கையில் வைத்தாள். மாமனார் பெட்டியில் இருந்த அழகான பொருள் இது ஒன்றுதான் என்றாள்.

நான் வாங்கவில்லை. "பிள்ளைய எடுத்துக்கிட்டு சீட்டைக் கொடுக்குறியா?" என்று கேட்டுவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டேன்.

திரும்பி வந்து பார்க்கிறேன், இரண்டும் சீட்டுகளைக் கூடம் முழுக்கப் பரப்பி வைத்திருக்கின்றன. எது பெரிய சீட்டு, எது எதை வெட்டும் என்று அதுகளே சட்டம் போட்டுவிட்டன. ஆட ஆள் போதவில்லை என்று ஒன்று என் முந்தானையை இழுத்தது, ஒன்று பாக்கியத்தின் முந்தானையை இழுத்தது. அன்றைக்கு முகத்தைத் திருப்பிக்கொண்டுதான் உட்கார்ந்தேன். ஆனால் ஆட்டத்தில் ஜெயித்தது நான். ஜெயித்த பொருளை வாங்கிக்கொள்வதில் மானக்கேடு இல்லை, அல்லவா? கட்டு என் வீட்டில் தங்கியது.

அடுத்த காணும் பொங்கலுக்கு, "தோத்த கட்டை மீட்கணும்" என்று சொல்லிக்கொண்டு பாக்கியம் இரண்டு பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு வந்து நின்றாள். அவள் சீட்டுக்காக வரவில்லை என்று எனக்குத் தெரியும். எனக்குத் தெரியும் என்று அவளுக்கும் தெரியும். பிள்ளைகள் வளர்ந்து பிரான்சுக்கே போய்விட்டார்கள். அவள் வருவது நிற்கவில்லை.

காப்பி ஆத்துறவளும் மாட்டுக்குப் பல் பார்க்கிறவளும்

சீட்டில் அடியில் ஏதோ எழுதியிருக்கும். அது பிரெஞ்சு எழுத்து, எங்களுக்கு என்ன? படத்தைப் பார்த்து நாங்களே பெயர் வைத்தோம்.

படச்சீட்டு இருபத்திரண்டு. ஆடுவது அதை வைத்துத்தான். காசு, கிண்ணம், தடி, வாள் என்று மிச்சம் இருப்பதையெல்லாம் புள்ளிக்கு வைத்துக்கொள்வோம்.

மேஜை போட்டு சாமானைப் பரப்பியிருக்கிறவன் வெற்றிலைக் கடைக்காரன். இரண்டு பெண்களுக்கு நடுவில் முழிக்கிறவன் ரெண்டு பெண்டாட்டிக்காரன். குதிரை பூட்டிய வண்டி தேர். லாந்தர் பிடித்துக்கொண்டு போகிற கிழவர், ராத்திரி வாய்க்காலில் தண்ணி வருதா என்று பார்க்கப் போகிறவர். ஒரு பெண் சிங்கத்தின் வாயைப் பிளந்து பார்க்கும். சந்தையில் மாடு வாங்கும்போது வயசு தெரிய அப்படித்தானே பார்ப்போம்? அவள் பெயர் பல் பார்க்கிறவள். இறக்கை முளைத்தவர் மேகத்திலிருந்து ஊதுவார், கீழே ஆட்கள் கை கூப்பி நிற்பார்கள். அது நாயனக்காரர்.

ஒரு பெண் இரண்டு குடத்தைச் சாய்த்துத் தண்ணீர் ஊற்றும். தலைக்கு மேலே நட்சத்திரம். அவள் காவேரி. அதில் எங்களுக்குள் தகராறே வந்ததில்லை.

எலும்பும் தோலுமாக ஒரு ஆள் நீளமான அரிவாளால் கருப்பு மண்ணில் அறுத்துக்கொண்டிருப்பார். அவர் அறுப்புக்காரர். கட்டிலேயே பெரிய சீட்டு. அவர் விழுந்தால் கீழே இருப்பதையெல்லாம் அள்ளிக்கொண்டு போவார். அவரைத் தடுக்க ஒரே ஒரு சீட்டுதான், காவேரி. கதிர் முற்றி நிற்கும்போது தண்ணீர் ஏறினால் அறுப்பு ஏது? அந்தச் சட்டம் போட்டது செல்வம். எட்டு வயசில் டெல்டாக்காரனாக இருந்தான்.

கடைசியாகக் கூத்தாடி. இரண்டு மரத்துக்கு நடுவில் ஒற்றைக் காலில் நிற்பான். இன்னொரு காலை மடித்துப் பின்னால் போட்டிருப்பான். கை இரண்டும் முதுகுக்குப் பின்னால். குதித்த வேகத்தில் தலைமயிர் மேலே பறக்கும். கணுக்காலில் கயிறு. அது சலங்கைக் கயிறு. கூத்து வந்துவிட்டால் யார் வேலை செய்வார்கள்? ஆகவே கூத்தாடி விழுந்தால் ஆட்டம் கலைந்துவிடும். யாருக்கும் ஜெயிப்பு இல்லை, யாருக்கும் தோல்வி இல்லை. கட்டு இருக்கிற வீட்டிலேயே இருக்கும். போன வருஷம் பாக்கியம் ஜெயிக்கப்போகிற நேரத்தில் நான் அவனைத்தான் இறக்கினேன். அதைத்தான் ஆட்டோவிலிருந்து இறங்கினதும் குத்திக்காட்டினாள்.

உரித்ததா, பூசினதா?

ஆட்டத்துக்கு முன்னால் இரண்டு கட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும் என்று நான்தான் சொன்னேன். புதுசு சரியாக இருக்கிறதா என்று தெரியாமல் எப்படி ஆடுவது? பாய் விரித்தோம். பாக்கியத்துக்கு நாற்காலி. நான் கீழேயே உட்கார்ந்தேன், கொஞ்சம் அவள் பார்க்கட்டும் என்று.

பழைய கட்டு கை பட்டுப் பட்டு ஓரமெல்லாம் துணி மாதிரி ஆகிவிட்டது. விளக்கெண்ணெய் வாசனை வரும். நீலம் வெளுத்துப் பாசி நிறம். சிவப்பு செங்கல் நிறம். புதுசில் நீலம் நீலமாகவே இருந்தது, ஆடிப் பெருக்கன்று பார்க்கிற வானம் மாதிரி. மஞ்சள் கண்ணைப் பறித்தது.

கயல் சொன்னாள்: ஆதியில் இதை மரக்கட்டையில் செதுக்கி அச்சடித்து, மேலே கையால் வர்ணம் தேய்ப்பார்களாம். பிற்பாடு மிஷின் வந்ததும் வர்ணத்தைக் குறைத்து, கோட்டை மாற்றி, வேகமாக அடித்துத் தள்ளினார்களாம். சொல்தா வாங்கியது அப்படி மிஷினில் அடித்தது. இப்போது சிலர் மிகப் பழைய கட்டுகளையெல்லாம் தேடிப் பார்த்து, எதில் எந்தக் கோடு விட்டுப்போனது, எந்த வர்ணம் மாறிப்போனது என்று ஒத்துப்பார்த்துத் திரும்ப வரைந்திருக்கிறார்கள். அதுதான் இந்தப் புதுசு. ஆக, புதுசுதான் பழசைவிடப் பழசு என்றாள்.

எனக்கு இரண்டு கோயில் ஞாபகம் வந்தது.

தஞ்சாவூர்ப் பெரிய கோயிலுக்கு என் பெரிய மகன் ஒரு தடவை அழைத்துப் போயிருந்தான். அங்கே உள்சுவரில் ஒரு சித்திரத்துக்கு அடியில் இன்னும் பழைய சித்திரம் இருந்ததாம். மேல் சித்திரத்தை நோகாமல் உரித்து எடுத்தார்களாம், அடியில் இருந்தவர்கள் ராசா காலத்துக் கண்ணோடு முழித்துப் பார்த்தார்களாம். படம் பிடித்து வைத்திருந்ததைக் காட்டினான். எனக்கு உடம்பு சிலிர்த்தது. எங்கள் ஊர்க் கோயிலிலோ குடமுழுக்குக்கு முன்னால் எல்லாவற்றுக்கும் எனாமல் பெயிண்ட் அடித்தார்கள். துவாரபாலகர் இரண்டு பேருக்கும் ரோஸ் கலர். ஜுரம் வந்த பிள்ளைகள் மாதிரி நிற்கிறார்கள்.

"இது உரிச்சதா, பூசினதாடி?" என்று கேட்டேன்.

கயல் யோசித்தாள். "ரெண்டும் இருக்கு அப்பாயி. எது எதுன்னு செஞ்சவங்களுக்குள்ளயே சண்டை" என்றாள். அந்தப் பதில் எனக்குப் பிடித்தது. சண்டை இருக்கிற இடத்தில் அக்கறை இருக்கும்.

ஒவ்வொன்றாகப் பார்த்தோம். வெற்றிலைக் கடைக்காரன் மேஜைக்குப் பழசில் மூன்று கால்தான். நாலாவது கால் தேய்ந்துபோனது என்று நான் சொல்வேன், சொல்தா ஊரில் மூன்று கால்தான் போடுவார்கள் என்று பாக்கியம் சொல்வாள். புதுசிலும் மூன்றே கால். இவ்வளவு பாடுபட்டு வரைந்தவர்கள் ஒரு காலைப் போட மறந்துவிட்டார்களே என்று இரண்டு பேரும் சிரித்தோம்.

காவேரிக்குப் பின்னால் மரத்தில் ஒரு கருப்புத் திட்டு இருக்கும். காப்பிக் கறை என்று நினைத்திருந்தோம். அதற்காகச் செல்வியை ஒரு அடிகூட அடித்திருக்கிறேன். புதுசில் அதே இடத்தில் ஒரு பறவை உட்கார்ந்திருந்தது. கயல் உடனே படம் எடுத்து செல்விக்கு அனுப்பினாள். அங்கிருந்து பதில் வந்தது, அடித்த அடியைத் திருப்பி வாங்கிக்கொள்ளும்படி.

காப்பி ஆத்துறவளுக்கு வந்தோம். ஒரு செம்பிலிருந்து இன்னொரு செம்புக்கு ஊற்றுகிற பெண். அந்தச் சீட்டை எலி இழுத்துக்கொண்டு போய் ரொம்ப காலம். கல்யாணப் பத்திரிகையைக் கத்தரித்து, அதில் செல்வி பென்சிலால் டம்ளரும் டவராவும் வரைந்து கொடுத்தாள். அதை வைத்துத்தான் ஆடுகிறோம். தொலைந்துபோன பெண்ணுக்கு இறக்கை உண்டு என்பது பாக்கியத்தின் கட்சி. கிடையவே கிடையாது என்பது என் கட்சி. புதுசைத் திருப்பினால், தோளிலிருந்து இரண்டு பெரிய இறக்கை. பாக்கியம் முட்டிவலியை மறந்து நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டாள். என் மகனைக் கூப்பிட்டுக் காட்டினாள், மருமகளைக் கூப்பிட்டுக் காட்டினாள், பால்காரரையும் நிறுத்திக் காட்டினாள்.

"இறக்கை இருந்தா விசிறி ஆத்துவாளே, எதுக்கு ரெண்டு செம்பு?" என்றேன். யாரும் கேட்கவில்லை.

அறுப்புக்காரர் வந்தார். பழசில் மண் முழுக்க ஒரே கருப்பு. அங்கங்கே உருண்டையாகக் கிடப்பதை மண்கட்டி என்று நினைத்திருந்தோம். புதுசில் தெரிந்துவிட்டது. அவை தலைகள். ஒன்றுக்குக் கிரீடம் இருந்தது. கயல் கொஞ்சம் தயங்கித்தான் சொன்னாள், இந்தச் சீட்டுக்கு மட்டும் பெயர் போடமாட்டார்கள், இதைச் சாவு என்று சொல்வார்கள் என்று.

சிரித்துக்கொண்டிருந்த பாக்கியம் சீட்டை என் பக்கம் தள்ளிவிட்டாள். என் வீட்டுக்காரர் போய் மூன்று அறுப்பு ஆகிறது. அவருக்கு இந்தச் சீட்டென்றால் உயிர். எனக்குப் பின்னால் உட்கார்ந்து, அறுப்புக்காரர் என் கையில் இருந்தால் என் முதுகைச் சுரண்டுவார். பாக்கியம் அதை வைத்தே கண்டுபிடித்துவிடுவாள்.

நான் சீட்டைக் கண்ணருகில் கொண்டுபோய்ப் பார்த்தேன். முதுகெலும்பு கதிர் மாதிரியே இருந்தது, மணி மணியாக. காலடியில் நாற்று முளைத்திருந்தது. "சாவோ என்னவோ, நிலத்தைக் காயப்போடாத ஆளு" என்றேன். "அண்ணன் முகச்சாடைகூட இருக்கு" என்றாள் பாக்கியம். அவ்வளவுதான், சிரிப்பு திரும்பி வந்துவிட்டது.

இவன் ஆடுகிறானா, தொங்குகிறானா?

கூத்தாடியை எடுத்து வைத்தேன். கயல் அதைத் திருப்பி வைத்தாள். நான் மறுபடி நேராக வைத்தேன். அவள் மறுபடி திருப்பினாள்.

"அப்பாயி, எழுத்து அடியில வரணும்" என்றாள்.

எங்கள் சீட்டில் எழுத்திருந்த ஓரத்தைப் பூச்சி தின்றுவிட்டிருந்தது. எந்தப் பக்கம் மேல், எந்தப் பக்கம் கீழ் என்று சொல்ல ஒன்றுமில்லை. ஆள் நிற்பது மாதிரி வைத்தோம். புதுசில் எழுத்து கொட்டை கொட்டையாக இருந்தது. அதன்படி வைத்தால், கூத்தாடி ஒரு கால் கயிற்றில் மாட்டித் தலைகீழாகத் தொங்குகிறான். சலங்கைக் கயிறு தூக்குக் கயிறாகிவிட்டது. பெயரே தொங்குகிறவன் என்றுதானாம்.

பாக்கியம் விட்டுவிடுவாளா? இத்தனை வருஷம் தொங்குகிறவனைக் காட்டி ஆட்டத்தைக் கலைத்திருக்கிறீர்கள், போன வருஷம் கட்டு என்னுடையது, இனி இந்தச் சீட்டு செல்லாது என்று அடுக்கிக்கொண்டே போனாள். நீயும்தான் இவனைக் காட்டி இரண்டு தடவை தப்பித்தாய் என்றேன். அதற்கு அவளுக்கு ஞாபகமில்லை.

"மூஞ்சியப் பாரு. தொங்குறவன் மூஞ்சியா இது?" என்றேன். உண்மையாகவே அவன் முகத்தில் வலி ஒன்றுமில்லை. தலைகீழாக இருக்கும்போதும் லேசாகச் சிரித்த மாதிரிதான் இருந்தான். கயலும் அதை ஒத்துக்கொண்டாள். ஆனால் சட்டம் முடிவாகவில்லை. விழும்போது பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டோம்.

தாம்பாளத்தில் பழசு

பந்தயப் பொருளைத் தாம்பாளத்தில் வெற்றிலை பாக்கோடு வைப்பது எங்கள் வழக்கம். பழைய கட்டை அதில் வைத்தோம். புதுக்கட்டில் ஆடினோம். புதுச் சீட்டு கையில் நிற்கவில்லை, விரால் மீன் மாதிரி வழுக்கியது.

ஆட்டத்தைப் பற்றிப் பெருமையாகத்தான் சொல்ல வேண்டும், நன்றாக ஆடினேன். தேரை இறக்கி அவள் நாயனக்காரரைப் பிடித்தேன். அவள் தலையில் கொம்பு முளைத்த கொம்பனை விட்டு என் பல் பார்க்கிறவளைக் கொண்டுபோனாள். புள்ளி சமமாகவே வந்தது. கடைசியில் ஆளுக்கு இரண்டு சீட்டு மிச்சம். மகன் டிவியை நிறுத்திவிட்டு வந்து நின்றான்.

பாக்கியம் மெதுவாக அறுப்புக்காரரை இறக்கினாள். இறக்கிவிட்டு நாற்காலியில் சாய்ந்துகொண்டாள்.

என் கையில் இருந்தது காவேரி. இன்னொன்று கூத்தாடி.

காவேரியைப் போட்டால் ஜெயித்தேன். பழைய கட்டு எனக்கு. செல்வி வரைந்த டம்ளர் எனக்கு, வீட்டுக்காரர் தொட்ட அறுப்புக்காரர் எனக்கு. புதுக்கட்டை எடுத்துக்கொண்டு அவள் ஆட்டோவில் ஏறிவிடுவாள். ஒரு காலை உள்ளே வைத்து, மூச்சு வாங்கி, அடுத்த காலை வைத்து. அடுத்த காணும் பொங்கலுக்கு அவள் காரைக்காலில் யாரோடாவது ஆடுவாள், நான் இங்கே மருமகளோடு ஆடுவேன். மருமகள் நல்ல பெண்தான், ஆனால் தோற்றால் கோபம் வராது. அவளோடு ஆடி என்ன சுகம்?

நான் கூத்தாடியைப் போட்டேன். புதுச் சீட்டு வழுக்கிக்கொண்டு போய், எழுத்து அடியில் இருக்கும்படி விழுந்தது. தொங்கிக்கொண்டிருந்தான்.

செல்லாது என்று அவள் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். எழுத்து அவள் பக்கம். அறுப்புக்காரர் அத்தனையையும் அள்ளியிருப்பார், பழைய கட்டு அவளுக்குப் போயிருக்கும்.

பாக்கியம் சீட்டைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். என் கையில் கவிழ்ந்திருந்த மிச்சச் சீட்டைப் பார்த்தாள். அது காவேரி என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. இத்தனை வருஷம் எதிரில் உட்கார்ந்தவளுக்குத் தெரியாதா?

முட்டியைப் பிடித்துக்கொண்டு குனிந்தாள். ஒற்றை விரலால் சீட்டைத் தொட்டு, மெல்ல ஒரு சுற்றுச் சுற்றித் திருப்பி வைத்தாள். கூத்தாடி ஒற்றைக் காலில் எழுந்து நின்றான்.

"ஆடத்தான் செய்யுறான்" என்றாள்.

என் கண்ணில் வைக்கோல் தூசி விழுந்துவிட்டது.

ஜெயித்தவள் இல்லை, தோற்றவள் இல்லை. பழசு இருக்கிற வீட்டில் இருக்கும், அப்படியானால் புதுசு யாருக்கு என்று என் மகன் கேட்டான். அவனுக்குக் கணக்குச் சரியாக வர வேண்டும். பாக்கியம் தாம்பாளத்திலிருந்து பழைய கட்டை எடுத்தாள், புதுக்கட்டையும் அள்ளினாள், இரண்டையும் சேர்த்துக் கலைக்க ஆரம்பித்தாள். கயல் ஐயோ என்று தலையில் கை வைத்தாள், விளக்கெண்ணெய்ச் சீட்டும் விலை கொடுத்த சீட்டும் ஒன்றாகப் போகிறதே என்று. நான் அவள் கையைப் பிடித்து உட்காரவைத்தேன்.

கலைத்த குவியலைச் சரிபாதியாகப் பங்கு போட்டோம். எனக்குத் தேர் இரண்டும், அவளுக்கு நாயனக்காரர் இரண்டும். பழைய காவேரி அவளுக்கு, பறவையோடு இருக்கிற புதுக் காவேரி எனக்கு. இறக்கைக்காரி அவளுக்குத்தான் வேண்டுமாம். டம்ளரும் டவராவும் எனக்கு. இரண்டு வீட்டிலும் முழுக்கட்டு கிடையாது. ஆட வேண்டும் என்றால் ஒருத்தி பஸ் ஏறித்தான் ஆக வேண்டும்.

குவியலின் அடியில் சூரியன் போட்ட சீட்டு இரண்டும் வந்தன. அதில் இரண்டு பிள்ளைகள், ஒன்று மற்றதன் மேல் கை போட்டுக்கொண்டு நிற்கும். அந்தச் சீட்டுக்கு நாங்கள் பெயரே வைத்ததில்லை. வைத்தால் யார் பிள்ளைகள் என்று பேச்சு வரும். பாக்கியம் பழசை என் பக்கம் தள்ளினாள். புதுசைத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

"ஆளுக்கு ரெண்டு பிள்ளை. சரியா அண்ணி?" என்றாள்.

சரி என்றேன். ஆனால் வளர்த்தது ஆறு என்பதில் மாற்றமில்லை என்றும் சொன்னேன்.

ஆட்டோவில் ஏறும்போது அவள் ஒரு காலை உள்ளே வைத்துவிட்டுத் திரும்பினாள். அடுத்த வருஷம் நான்தான் காரைக்காலுக்கு வர வேண்டும், முட்டி அவளுக்குத்தானே வலிக்கிறது என்றாள். அதற்கென்ன, நடவு நட்ட கால் எனக்கு.

போதும் கயல், பேனாவை வை. முதலிலிருந்து வாசி, கேட்கிறேன். கூத்தாடி வருகிற இடத்தில் கொஞ்சம் நின்று வாசி. தொங்கினான் என்று எழுதியிருந்தால் பேப்பரைத் திருப்பிப் பிடித்துக்கொள்.